ஓலை மோதிரம்

அமலோற்பவமேரி வேலை முடிந்து விழுப்புரத்திலிருந்து வந்து மாடியேறியபோது, இயேசுவின் திருஇருதயப் படம் சுவரில் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் குப்புறக் கிடந்தது. ஆண்டுக்கணக்காக ஓலை செருகியதில் அதன் பின்னட்டை ஓரம் நைந்துபோயிருந்தது. பக்கத்தில் அன்புச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தாளே தவிர ஒன்றையும் வாயில் போடவில்லை. வேர்க்கடலைப் பருப்பு தட்டில் குவிந்துகொண்டே போனது.

"மோதிரம் எங்க?" என்றாள் அன்பு.

அமலா தோள்பையைக் கழற்றாமல் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி குப்புறப் போட்டாள். அட்டையின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். தூசுதான் வந்தது.

"நேத்து தைனிஸ் அக்கா ஓலை கேட்டு வந்தாங்க."

"வந்தாங்க. குடுத்த. நா குளிச்சிக்கினு இருந்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி மோதிரத்த எடுத்தியா?"

அமலா விரலில் ஒட்டிய தூசைப் பார்த்தாள்.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலையை யாரும் குப்பையில் போடுவதில்லை. சிலுவையாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அது அங்கேயே காய்ந்து, அடுத்த ஆண்டு சாம்பல் புதன் வரும்போது கோயிலுக்கே திரும்பிப் போக வேண்டும். பங்கிலுள்ள எல்லா வீட்டுப் பழைய ஓலையையும் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுவார். இவர்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்குத் தலைவி தைனிஸ் மேரி. கீழ் வீட்டில் இருப்பவளும் அவள்தான், வீட்டுக்குச் சொந்தக்காரியும் அவள்தான். ஒவ்வோர் ஆண்டும் சாக்குப்பையோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள்.

அமலாவின் சிலுவையில் மட்டும் ஒரு மோதிரம் மாட்டியிருக்கும். ஓலைக்குள் ஓலையாக அது யார் கண்ணிலும் படாது. மந்திரித்த ஓலை என்பதால் வேறு யாரும் அதைத் தொடவும் மாட்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்த காலத்தில் அவள் கண்டுபிடித்த இடம் அது. பழைய சிலுவையைத் திருப்பிக் கொடுக்கும் முன் மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். பிறகு பெட்டியடியில் வைத்திருந்து, குருத்தோலை ஞாயிறு வந்ததும் புதுச் சிலுவையில் மாட்டிவிடுவாள். ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் நேரு வீதி மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான் இருவரும் பழகினார்கள். அன்பு பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பக்கத்துப் பக்கத்து மெஷின். அந்த ஆண்டு குருத்தோலைப் பவனியைப் பார்க்க வேண்டும் என்று வந்தவள், கோயில் மதிலோரம் நின்று அமலாவின் ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்தாள். இன்ஸ்டிடியூட்டில் வீசியெறிந்த பழைய ரிப்பனின் சிவப்புப் பாதியை நூலளவுக்கு வெட்டிப் பைக்குள் வைத்திருந்தாள். ஓலையும் ரிப்பனுமாகச் சேர்த்துப் பின்னி அமலாவின் விரலில் மாட்டினாள். பதிலுக்கு அமலா பின்னிக் கொடுத்தது பஸ் கிளம்புவதற்குள் பிரிந்துவிட்டது. ரிப்பன் சாயம் அமலாவின் விரலில் ஒட்டிக்கொண்டு குளித்தும் போகவில்லை. என்ன சிவப்பு என்று அண்ணி கேட்டதற்கு, மெஷினில் ரிப்பன் மாற்றினேன் என்றாள். முழுப் பொய்யும் இல்லை. அப்படிப் பேசுவது அவளுக்கு அன்றிலிருந்தே சுலபமாக வந்தது.

"நா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்," என்றாள் அன்பு. "மறந்துட்டியா? இல்ல குடுத்துட்டியா?"

"என்னாடி பேசற?"

"தமிழ்தான் பேசறேன். வெள்ளிக்கெழம ஆஷ்லின் ஃபோன் பண்ணா. ஞாயித்துக்கெழம மோதிரம் போச்சு. நடுவுல ஒரு நாள்தான். வருசா வருசம் மறக்காதவளுக்கு இந்த வருசம் மட்டும் எப்படி மறந்துது?"

ஆஷ்லின் அமலாவுடைய அண்ணன் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலேயே ஒருவரை அமலா அத்தை என்றும் மற்றவரை அன்பு அத்தை என்றும் கூப்பிட்டுப் பழகியவள், எதையும் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டவள். போன செப்டம்பரில், ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அன்று அவள்தான் முதலில் ஃபோன் செய்து அழுதாள். இப்போது கல்யாண உரிமை கேட்கிற ஒரு குழுவில் இருக்கிறாள்.

"ஒரு கண்காட்சி வைக்கறோம் அத்த," என்று ஸ்பீக்கரில் சொல்லியிருந்தாள். "சேந்து வாழ்ந்தவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் கையால செஞ்சு குடுத்த சாமானுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். கோயம்புத்தூர்ல ஒருத்தர் அவரோட ஆளு தச்சுக் குடுத்த டிபன் பைய அனுப்பியிருக்காரு, கைப்பிடி ரெண்டு தடவ பிஞ்சு தச்சிருக்கு. ஒரு அம்மா கரண்டி அனுப்பியிருக்காங்க, மரத்துல செதுக்குனது. கல்யாணப் பத்திரிகையா இருக்குது நம்மகிட்ட? இதுதான் இருக்குது."

"எங்ககிட்ட மோதிரம் இருக்குது," என்று அன்பு முந்திக்கொண்டாள்.

"சூப்பர் அத்த. வியாழக்கெழம வந்து வாங்கிக்கறேன். பேரு போடலாமா? ரெண்டு பேரு பேரும்?"

அன்பு அமலாவைப் பார்த்தாள். அமலா அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை. சமையலறையில் வெறும் பர்னரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்திலிருந்து அன்புவின் குரல் கேட்டது. "பேர் பத்தி அப்பறம் சொல்றோம் ஆஷு." அன்று முழுக்க இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. அந்த வீட்டில் மௌனம் புதிதல்ல. ஒரே அறையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பார்கள். அது வேறு மாதிரியான மௌனம். இதில் உட்காரக்கூட முடியவில்லை.

"சத்தியமா மறந்துட்டேன்," என்றாள் அமலா இப்போது.

"அப்படியா."

"அப்படித்தான்."

"போன வருசம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில எனக்குப் பித்தப்பை ஆபரேசன். நீங்க யாருன்னு நர்சு கேட்டப்ப என்னா சொன்ன? மயக்கம் தெளிஞ்சிதான் இருந்தேன். கேட்டுது."

அவள் காதில் அது விழுந்தது அமலாவுக்குத் தெரியாது. அன்பு இத்தனை நாள் சொன்னதில்லை.

"பக்கத்து வூடுன்னு சொன்ன," என்றாள் அன்பு. "சரி, பயம், சொல்லிட்டா, போவட்டும்னு வுட்டேன். இப்ப பக்கத்து வூட்டுக்காரி பின்னுன மோதிரம் எதுக்குன்னு சாக்குல போட்டுட்டியோ என்னமோ."

அமலா படியிறங்கினாள். பை இன்னும் தோளிலேயே தொங்கியது. பின்னாலேயே அன்புவின் குரல் வந்தது. "நா வர்ல. நா வந்தா நீ வேற மாதிரி பேசுவ."

தைனிஸ் அக்கா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து எடுத்துக்கினு போன ஓலச் சாக்கு..."

"காலையிலயே கோயில்ல குடுத்தாச்சே. உபதேசியார் இன்னிக்கே எரிக்கணும்னாரு. ஏன், எதுனா விட்டுட்டியா?"

"செபமால," என்றாள் அமலா. அவள் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"செபமாலையா! அடப்பாவமே, வெள்ளியா?"

"இல்லக்கா. சாதாதான்."

"சாதான்னாலும் நா பாத்திருப்பேனே. உன்னோடது சிலுவ மட்டும்தான் வெச்சேன், நல்லா நெனவிருக்குது. இரு, செருப்பு மாட்டிக்கினு நானும் வர்றேன்."

"வேணாங்க்கா. நீங்க கீரையப் பாருங்க. ஜல்தியா போய்ட்டு வந்துர்றேன்."

"நல்லா தேடு. உபதேசியாருக்குக் கண்ணு சரியில்ல."

ஸ்கூட்டி ஒரே உதையில் கிளம்பவில்லை. கிளம்பியபின் கடைத்தெரு நெரிசலில் நின்று நின்றுதான் போக முடிந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதை முந்த வழியில்லாமல், கைப்பிடியைப் பிடித்திருந்த தன் விரல்களையே அமலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தைனிஸ் அக்கா வாசற்படியில் நின்று யாருடைய மகளுக்கோ வரன் அமைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமலா நாற்காலியில் ஏறி, படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சிலுவையை உருவினாள். விரல் எதன்மேல் பட்டது? ஓலையின் விளிம்பில் பட்டது. பிறகு, வளைவாக ஏதோ ஒன்றில். அப்படித்தான் இருந்தது. இல்லை, இருபத்தாறு ஆண்டாகத் தொட்ட பழக்கத்தில் இன்று விரல் அப்படிச் சொல்கிறதா? பட்டிருந்தால் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சாக்கின் வாய் விரிந்திருந்தது, சிலுவை அதற்குள் போனது. அதன்பின் கைகளைத் தட்டித் தூசு உதறினாள். தூசு உதறியது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. ஒரு வேலை முடிந்ததுபோல உதறினாள்.

மறந்தாளா, கொடுத்தாளா? அன்பு கேட்டபோது கோபம் வந்தது. இப்போது தனக்கே தெரியவில்லை. டிராக்டர் திரும்பியது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அமலா நகர்ந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் சமையற்கூடத்தின் அருகே புகை தெரிந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் சவரிநாதன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று கல்லின்மேல் பெரிய இரும்புச் சட்டி. அதில் ஓலை எரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் காலிச் சாக்குகள். இன்னொரு பக்கம் விரித்த உரப்பையின்மேல் ஒரு குவியல்: ஜிகினா, ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக் பூ, பாதி உருகிய மெழுகுவர்த்தி, சணல் கயிறு.

"வாம்மா அமலோற்பவம். என்னா இந்த நேரத்துல?"

"எங்க தெரு சாக்கு எதுங்கண்ணே?"

"எல்லாம் கலந்தாச்சு. இதான் கடைசி ஈடு." அவர் சட்டியைக் குச்சியால் கிளறினார். "ஏன்?"

"செபமால ஒண்ணு சேந்து வந்துடிச்சு."

"செபமாலையா? ஒண்ணும் ஆம்புடலயே. நாந்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுப் போட்டேன். சனங்க ஓலையில எதையெல்லாம் சுத்தி வெக்குறாங்க தெரியுமா? போன வருசம் பாக்காம எரிச்சிட்டேன். பிளாஸ்டிக்கு உருகி சாம்பல் பிசின் மாதிரி ஆயி, ஃபாதர் பெருவெரலு ஒவ்வொரு நெத்தியிலயும் ஒட்டிக்கினு வர மாட்டேங்குது. பேஜாராப்போச்சு. பெருசுங்களே சிரிச்சிட்டாங்க." சொல்லிக்கொண்டே எழுந்தார். "இரு, கழிச்ச குப்பையில இருக்குதான்னு பாப்போம்."

உரப்பையின் மூலையைப் பிடித்துத் தூக்கிக் குவியலைக் கொட்டிப் பரப்பினார். குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மணி இருந்தால் சத்தம் வரும் என்று கவனித்துக் கேட்டார். அமலா குனிந்து நின்றாள். மஞ்சள் நூல். ஒரு பள்ளிக்கூட பேட்ஜ். செவ்வந்திச் சருகு.

"இல்லம்மா. செபமால இதுல இல்ல." உரப்பையோடு அனைத்தையும் அள்ளிச் சுருட்டினார். "வேற எங்கயோ விட்டிருப்ப. வூட்ல நல்லா பாரு." சுவரோரம் கழிவு எரிக்கிற குழி புகைந்துகொண்டிருந்தது. அவர் சுருட்டலை அதை நோக்கி எடுத்துக்கொண்டு போனார்.

சுருட்டலின் வாயிலிருந்து ஏதோ ஒன்று வெளியே தொங்கியது. வாழைநாரைவிட மெல்லியது. மங்கிய சிவப்பு. நேராகத் தொங்கவில்லை, பின்னல் போட்ட தலைமயிரை அவிழ்த்ததுபோல வளைந்து வளைந்து தொங்கியது.

சும்மா இருந்தால் அது போய்விடும். செபமாலை கிடைக்கவில்லை என்று வீட்டுக்குப் போகலாம். அன்பு கேட்டால், தேடினேன், எரிந்துவிட்டது என்று சொல்லலாம். முழுப் பொய்யும் இல்லை.

உபதேசியார் குழியருகே நின்று கையை உயர்த்தினார்.

"அண்ணே! போடாதீங்க. செபமால இல்ல. அந்த ரிப்பன். அந்த செவப்பு ரிப்பன்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்தார்.

"இதுவா? இது ஓலை மோதிரத்துல சுத்தியிருந்தது. தொட்டதும் ஓலை துண்டுதுண்டா ஒடஞ்சிடுச்சு. அதச் சட்டியில போட்டுட்டேன். இது துணி, சாயமும் இருக்கும்போல. அதான் கழிச்சேன்." அவர் கண்கள் அவள்மேல் நின்றன. "உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"யாரு பின்னுனது?"

சட்டியில் ஏதோ வெடித்துப் பொறி பறந்தது. அமலா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்பு. அன்புச்செல்வி. எங்கூட இருக்குறவ."

"லேப்புல ரத்தம் எடுக்குற பொண்ணா? எனக்கும் அதுதான் சுகர் பாக்கும். ஊசி குத்துனதே தெரியாது."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஏதாவது சொல்லட்டும் என்று அமலா நின்றாள், சொல்லிவிடுவாரோ என்றும் நின்றாள். அவர் முக்காலிக்குப் போய் உட்கார்ந்து சட்டியைக் கிளறினார். ஓலைகள் கறுத்து, உருக்குலையாமல் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு உதிர்ந்தன.

"செபமாலன்னு ஏம்மா சொன்ன?" என்றார் சட்டியைப் பார்த்தபடியே. "ரிப்பன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒடஞ்ச ஓலையையாவது எடுத்து வெச்சிருப்பேன். நீ வந்தப்பக்கூட அது எரியாம இந்த ஈட்டுல கிடந்துது."

வரும்போது சாலை காலியாக இருந்தது. இருந்தும் அமலா மெதுவாகவே ஓட்டினாள். ரிப்பனைப் பைக்குள் போட மனமில்லாமல் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். காற்றில் அது விரலைத் தட்டிக்கொண்டே வந்தது.

கேட்டைத் திறந்ததும் தைனிஸ் அக்கா குரல் கொடுத்தாள். இன்னும் முறத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்து முடிந்திருந்தது.

"செபமால கெடச்சுதா?"

மாடிப்படியின் திருப்பத்தில் அன்புவின் நைட்டி ஓரம் தெரிந்தது. அவள் எப்போதிருந்து அங்கே நிற்கிறாளோ. கீழே இறங்கி வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"செபமால இல்லக்கா," என்றாள் அமலா. "மோதிரம். ஓலையில பின்னுனது. ரிப்பன் மட்டும்தான் மிச்சம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

தைனிஸ் அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "மோதிரமா? யாரு போட்டது?"

"அன்பு."

"எந்த அன்பு?"

"நம்ம அன்புதான்க்கா. மேல இருக்குறவ."

தைனிஸ் அக்காவின் முகத்தில் ஒன்று வந்து போனது. அவள் சட்டென்று சிரித்தாள். "ஓ... சின்ன வயசுல வெளையாட்டுக்குப் போட்டுக்கினீங்களா? நாங்ககூட அப்பல்லாம் புளிய வெதையில கம்மல் பண்ணிப் போட்டுக்குவோம். அதுக்கா இவ்ளோ ஓட்டம்?"

நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாடகை வீடு அப்படியே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் இடம் இருக்கும், அன்பியக் கூட்டத்துக்கு இஞ்சி டீ வரும். ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டபோதும் இப்படித்தான் ஒரு வழி தானாகத் திறந்தது. அமலாவின் வாய்க்குள் அந்தச் சொல் தயாராகவே இருந்தது.

"வெளையாட்டு இல்லக்கா," என்றாள்.

தைனிஸ் அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். சேலையில் ஒட்டிய கீரைக்காம்பை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். பிறகு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே நைட்டி ஓரம் அசையாமல் இருந்தது.

"கேட்டச் சாத்திட்டுப் போ," என்றாள்.

அமலா கேட்டைச் சாத்தினாள். படியேறினாள். திருப்பத்தில் நின்றவளைத் தாண்டிப் போக இடமில்லை. இருவரும் ஒரே படியில் நின்றார்கள். அன்பு அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

உள்ளே ரிப்பனை மேசைமேல் வைத்தபோது அது நீளமாகக் கிடக்கவில்லை. மெல்ல அசைந்து தானாகவே வளைந்துகொண்டது. அன்பு அதை விரலால் நீவி நேராக்கினாள். விட்டதும் மறுபடி சுருண்டது.

"ஓலை?"

"எரிஞ்சிபோச்சு."

"ம்."

"மறந்தனா குடுத்தனான்னு எனக்கே தெரியல அன்பு. சத்தியம்னு சொன்னேனே, அது தப்பு."

அன்பு ஒரு மல்லாட்டைப் பருப்பை எடுத்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். "கீழ சொன்னதக் கேட்டேன்," என்றாள்.

அமலா படத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். இத்தனை ஆண்டும் பின்னால் ஓலை இருந்ததால் படம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தே நிற்கும். இப்போது சுவரோடு படிந்து நின்றது. அது வேறு யார் வீட்டுப் படமோபோல இருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். கீழே தைனிஸ் அக்கா யாருடனோ ஃபோனில் பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். கடைசியில் ஃபோனை எடுத்தாள்.

"ஆஷு, அத்த பேசறேன். மோதிரம் இல்ல. அதுல இருந்த ரிப்பன் இருக்குது. அது போதுமா?"

"போதும் அத்த. தாராளமா போதும். என்னாச்சு?"

"வியாழக்கெழம வா, சொல்றேன். பேரு கேட்டியே."

"ஆமா. யோசிச்சிட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல..."

கீழ் வீட்டுக் கதவு திறந்தது. யாரோ படியேறி வந்தார்கள். கனத்த கால், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி வருகிற கால். அன்பு எழுந்து நின்றாள். அமலா வாசல் பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியிருக்கவில்லை. அவள் சாத்தவும் போகவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"எழுதிக்கோ. அமலோற்பவமேரி. அன்புச்செல்வி. திண்டிவனம்."